புகை விடாத காரும் எங்கள் படுக்கையறை ஜன்னலும்

என் மகளுக்கு இளைப்பு வந்தால் இருமலுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். நெஞ்சுக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வரும். அப்போது அவளுக்கு எட்டு வயது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது; அந்த விசிலைக் கேட்டுவிட்டால் சுத்தமாகக் கிடையாது.

ஐ.டி. வேலைக்காக மதுரையிலிருந்து வந்து, செகந்திராபாத்தில் மாரெட்பள்ளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் இருந்தோம். ரோட்டுப் புகை இவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோதான். ஏழெட்டுப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னாலேயே ஊர்ந்து போகும். வீடு திரும்பும்போது மகளின் கைக்குட்டை கரிபிடித்துக் கிடக்கும்.

அப்போதுதான் மூன்றாம் மாடி அக்கா மின்சாரக் கார் வாங்கினார். அவர் தாத்தா காலத்திலேயே ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பம். என் மகள் படிக்கும் பள்ளியிலேயே டீச்சர். கார் சொப்புச் சாமான் மாதிரி சின்னதாக இருக்கும், சத்தமே வராது. கட்டடத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். அக்கா கண்டுகொள்ளவில்லை. பெட்ரோல் புகையால் பூமி பாழாகிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, நானே புகை விட்டுக்கொண்டு வந்தால் பிள்ளைகள் என்ன நினைக்கும் என்று கேட்பார். மனதாரத்தான் கேட்டார். அவர் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும்: ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ்.

"கைக்குமா பாப்பாவை ஆட்டோல அனுப்புற? ஆட்டோ நக்கோ. என்கூட வரட்டும். கண்ணாடிய ஏத்திட்டா பொகையே உள்ள வராது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோலுக்குக் கூட எதுவும் தரவேண்டாத உதவி. கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பி வந்தது. மழைக்காலம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் இளைப்பு வந்தது.

பிப்ரவரியில் பவர்கட் தொடங்கியது. கூடவே மகளுக்கு மறுபடியும் இளைப்பு. இந்தத் தடவை பள்ளியிலிருந்து வந்து, சாப்பிட்டுச் சற்றுப் படுத்த பிறகு, சாயங்காலத்தில் வந்தது. டாக்டர் மருந்தைக் கூட்டினார். கணவர் வெளிநாட்டில் கிளையன்ட் ஆபீசில் இருந்தார். நான் மேனேஜரிடம் மன்றாடி, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன்.

வீட்டில் உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் உறைத்தது. எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே குடியிருப்பின் டீசல் ஜெனரேட்டர். முன்பெல்லாம் கரண்ட் போனால் தண்ணீர் மோட்டாருக்காகச் சற்று நேரம் ஓடி நின்றுவிடும். இப்போது நிற்கவே இல்லை. ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக டீசல் நாற்றம் வந்தது. கீழே இறங்கி வாட்ச்மேனிடம் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"டீச்சர் மேடம் கார் சார்ஜிங் மேடம்," என்று காரைக் காட்டினார்.

பள்ளியிலிருந்து வந்ததும் அக்கா காரை பார்க்கிங்கில் இருந்த பிளக்கில் மாட்டிவிட்டு மேலே போய்விடுவார். அந்த நேரத்தில்தான் பவர்கட்டும். பார்க்கிங் லைனுக்கும் வீட்டுக்கு ஒன்றிரண்டு பிளக்குக்கும் ஜெனரேட்டர் இணைப்பு உண்டு. சார்ஜ் ஏறும்வரை அதை ஓட்டச்சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தில் ஒப்புதலும் வாங்கியிருந்தார். ரோட்டில் ஒரு சொட்டுப் புகை விடாத அந்தக் கார், விடவேண்டிய புகையை எல்லாம் என் மகள் படுக்கைக்குக் கீழே விட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரிடம் போய்க் காட்டுவது? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? சொன்னால் அக்காவுக்கு மனம் முறியும், காலையில் கார் நிற்கும், மகள் திரும்ப ஆட்டோவுக்குப் போவாள். சொல்லாமல் இரண்டு நாள் விழுங்கினேன்.

மூன்றாம் நாள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அம்மா, நாகு ஊப்பிரி ஆடட்லேது," என்றாள். பயந்துவிட்டால் அவளுக்குத் தெலுங்குதான் வரும். மூச்சுவிட முடியவில்லை என்கிறாள். உதடு வெளுத்திருந்தது.

நெபுலைசரை எடுத்து மருந்தை ஊற்றிப் பிளக்கில் செருகினேன். புகைபோல மருந்து கிளம்பியதும்தான் எனக்குப் புரிந்தது: கரண்ட் இல்லாத நேரத்தில் அந்த மெஷினும் ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. கீழே போய் அதை நிறுத்தச் சொன்னால் மருந்து நின்றுவிடும். ஓடவிட்டால் மூச்சுக்கு மூச்சு டீசல்.  பிளக்கைப் பிடுங்கி, மெஷினைக் கக்கத்தில் இடுக்கி, மகளைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை.

அக்கா வீடு கட்டடத்தின் முன்பக்கம். அங்கே புகை இல்லை. கதவைத் திறந்தவர் ஒரு கேள்வி கேட்காமல் மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். நான் மெஷினை மாட்டினேன். முகமூடிக்குள் அவள் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டாக்டர்ட்ட போலாமா? கார்ல சார்ஜ் பாதி ஏறியிருக்கும்," என்றார் அக்கா.

அந்தச் சொல்தான் என்னை உடைத்தது.

"அந்தச் சார்ஜாலதானக்கா இவளுக்கு இப்படி வருது! ஒங்க காருக்காகத்தான் எங்க சன்னலுக்குக் கீழ அது ஓடிக்கிட்டே கெடக்கு. வந்து ஒருநா மோந்து பாருங்க!"

அக்கா முகம் செத்துப்போனது. "நான் பாப்பாவுக்கு நல்லதுதானேம்மா பண்ணேன்?"

"பண்ணீங்க. இல்லைன்னு சொல்லல. காலைல பண்ணீங்க."

இதைவிடக் கொடுமையாக நான் யாரிடமும் பேசியதில்லை.  மகளின் முதுகை அக்கா தடவிக்கொண்டே இருந்தார். விசில் மெல்ல மெல்ல அடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. அவள் அக்காவின் சேலையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

"ஹவ். நெஜம்தான்," என்றார் அக்கா. "இனிமே சாயங்காலம் போட மாட்டேன். ராத்திரிலேந்து விடியற வரைக்கும் கரண்ட் போறதில்ல. வெடிகாலைல எந்திரிச்சுப் போடறேன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. காரும் நிற்காது, ஜெனரேட்டரும் ஓடாது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மகளின் தலையைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்தக் கரண்டு எங்கேந்து வருது தெரியுமா? நிலக்கரிய எரிச்சுத்தான். என் தம்பி வீடு அந்தக் கரண்டு ஃபேக்டரி பக்கத்துலதான். மாடில துணி காயப்போட்டா சாம்பல் படியும். அவனுக்கும் ரெண்டு பசங்க. சின்னதுக்கு இதே மாதிரிதான் இழுக்கும்."

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொல்லும் பதிலுக்காகத்தான் காத்திருந்தார். மகள் வாயைத் திறந்தபடி ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். விசில் இல்லை.

"வெடிகாலைலயே போடுங்கக்கா," என்றேன்.