சின்ன கிளாஸில் இரண்டு

ஓய்வுபெறும்வரை நான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். குற்றச்சாட்டை மலாயில் வாசிப்பார்கள். நான் அதைத் தமிழில் சொல்லி, புரிந்ததா, ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கவேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்கள் எத்தனை பேரிடம் அப்படிக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தண்டனைக்கு முன்னால், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.

"ரெண்டு கிளாஸ்தான் சார்."

லோரி ஓட்டுநர், வங்கி அதிகாரி, கல்யாண வீட்டிலிருந்து நேரே லாக்கப்புக்குப் போன மாப்பிள்ளைத் தோழன் எல்லோருக்கும் அதே கணக்கு. ஒன்றோடு நிறுத்தியவரும் இல்லை, மூன்றுக்குப் போனவரும் இல்லை. போலீஸ்காரர்கள் இருபுறமும் தாங்கிக் கொண்டுவந்தவர்கூட இரண்டுதான் குடித்திருந்தார். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மலாய்க்கு மாற்றுவேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போதுதான் சிரிப்பேன். அவளுக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று. கல்யாண வீட்டில் யாராவது நாற்காலியைத் தேடித் தடவிக்கொண்டு வந்தால், "ரெண்டு கிளாஸ்" என்று என் காதில் சொல்வாள்.

இப்போது அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு வாரத்தில் மூன்று நாள் நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். மகன் மெல்பர்னில் இருக்கிறான். வீடியோவில் மட்டும் கவலைப்பட முடியும். செயலியில் கார் அழைத்தும் பார்த்தோம். இயந்திரத்திலிருந்து இறங்கியதும் அவளுக்கு ரத்த அழுத்தம் விழும், சில நாள் வாந்தி வரும். ஒருமுறை அப்படி ஆனபோது அந்த ஓட்டுநர் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். அன்றிலிருந்து அந்நியர் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே என் டிரைவிங் லைசன்ஸ் எங்கள் வீட்டில் ஒரு மருந்து. அதை எப்படி இழக்கலாம் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும். சாலைத் தடுப்பு. ஊதச் சொல்வார்கள். பிறகு போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பெரிய இயந்திரத்தில் மறுபடி ஊதச் சொல்வார்கள். ஜாமீன், குற்றச்சாட்டு, பரிச்சயமான அந்தக் கூண்டு, என் வேலையைச் செய்யும் யாரோ ஒருவர். சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு லைசன்ஸ் இரண்டு வருடமாவது போகும். முதல் தடவைதானே என்று மாஜிஸ்திரேட் இரக்கப்பட்டாலும் அதற்குக் குறைக்க முடியாது. தெரியாமல் பயப்படுகிறவனுக்கு மங்கலான ஒரு பயம்தான் இருக்கும். எனக்குப் பிரிவு, உட்பிரிவு எல்லாம் இருக்கின்றன.

இவ்வளவும் தெரிந்தவன் ஏன் குடிக்கப் போகிறான் என்று கேட்கலாம். சனிக்கிழமை மத்தியானம் ஒரு கிளாஸ், அவ்வளவுதான். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் சின்ன மதுக்கூடம். கிராஃப்ட் பீர் என்று சொல்லிக்கொள்ளும் வகைகளை அங்கே குழாயிலிருந்து பிடித்துக் கொடுப்பார்கள். ஒன்றில் அசாம் என்கிற புளிப்புப் பழத்தின் ருசி இருக்கும், ஒன்றில் எலுமிச்சை இலை மணக்கும். காலமெல்லாம் கோப்பிக் கடையில் கறுப்பு பீரில் ஐஸ் போட்டுக் குடித்த எனக்கு, பீருக்குள் இத்தனை ருசி இருக்கிறது என்பது வயதான காலத்தில் கிடைத்த செய்தி. என்னை அங்கே முதலில் கூட்டிப்போனது செந்தூலில் இருக்கும் என் நண்பன். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவன். நான் வக்கீல் இல்லை என்று தெரிந்தும் என்னை லோயர் என்றுதான் கூப்பிடுவான். மனைவிக்கும் இதெல்லாம் தெரியும். அவள் விதித்தது ஒரே நிபந்தனை.

"ஒன்னு. அதுக்கு மேல வேணாம்."

அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருக்கிறது. தாகம் எடுத்தால் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வாள். அவள் எனக்கு அளவு வைத்தபோது நான் எதிர்த்துப் பேசவில்லை.

நான் சொல்லவரும் சனிக்கிழமைக்கு முந்தின நாள் இயந்திரத்தில் இருக்கும்போது அவளுக்குக் கால் பிடித்து இழுத்தது. வலி தாங்காமல், போதும் நிறுத்துங்கள் என்று தாதியிடம் சொல்லிவிட்டாள். நேரத்துக்கு முன்பே இறக்கினார்கள். உடம்பில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும், திங்கட்கிழமை எடுத்துவிடலாம், எதையும் பார்த்துக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார் தாதி. நான் தலையாட்டினேன். காலையில் அவள் முகம் லேசாக உப்பியிருந்தது. "நீங்க போய்ட்டு வாங்க, வீட்ல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்காதீங்க" என்றாள். போனேன்.

மாடியில் ஏதோ பிறந்தநாள் கூட்டம், ஒரே சத்தம். பீர் பிடித்துக் கொடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கையில் வேல் பச்சை குத்தியிருப்பாள், எங்களை அங்கிள் என்பாள். குலா மலாக்கா என்கிற தென்னைச் சர்க்கரை போட்ட புது கறுப்பு பீர் வந்திருப்பதாகச் சொன்னாள்.

"இது சின்ன கிளாஸ்லதான் வரும் அங்கிள், ஓகேயா?"

"நல்லதாப் போச்சு. நான் கார் ஓட்டணும்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பிறந்தநாள் மேசையில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். பின்னால் கரும்பலகையில் சாக்கட்டியால் எல்லாம் எழுதியிருந்தது. படிக்கிற கண்ணாடியை எடுக்கச் சோம்பலாக இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஒவ்வொரு வரியையும் படித்தவனுக்கு அன்று ஒரு பலகை சுமையாக இருந்தது.

பீர் பாகுபோல் இருந்தது. அடுப்பில் சர்க்கரை கருகும் வாசனை. கிளாஸ் என் கைக்குள் அடங்கிவிட்டது. வழக்கமாகக் குடிக்கும் பெரிய கிளாஸில் பாதிகூட இருக்காது. இரண்டு குடித்தால்தான் அந்த ஒன்றுக்குச் சமம் என்று கணக்குப் போட்டேன். மனைவியின் நிபந்தனையை மீறாமல் இரண்டாவது வாங்க முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. சட்டத்தின் சொல்லுக்குள் நின்று வேலையை முடிக்கும் ஆட்களை நிறையப் பார்த்தவன் அல்லவா?

"லோயர் இன்னைக்கு ஃபுல் ஃபோர்ம்ல இருக்காரு" என்றான் நண்பன். அவனும் அதையேதான் குடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது கிளாஸின் அடி தெரிந்தபோது அந்தப் பெண் மேசை துடைக்க வந்தாள்.

"அங்கிள், ரெண்டாவதா? கார் ஓட்டணும்னீங்களே?"

"சின்னதுதானேம்மா."

"ஐயோ அங்கிள். ஸ்ட்ராங்னாலதான் சின்ன கிளாஸ். இது ஒன்னே நீங்க எப்பவும் குடிக்கிற பெருசுக்கு மேல லா. போர்ட்ல போட்டிருக்கே."

கண்ணாடியை எடுத்து மாட்டினேன். போட்டிருந்தது.

அப்போதுகூட பெரிதாகப் பயப்படவில்லை. வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவது, உட்கார்ந்திருப்பது, இருட்டும்வரை காரைத் தொடாமல் இருப்பது என்று முடிவு செய்தேன். கோப்பி குடித்தாலும் புதினா மிட்டாய் சப்பினாலும் ஊதச் சொல்லும் அந்த இயந்திரம் ஏமாறாது. நேரம் ஒன்றுதான் வழி. அதையும் எத்தனையோ சாட்சிகள் சொல்லக் கேட்டு மொழிபெயர்த்திருக்கிறேன். நண்பனிடம் அதை விளக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"ஏங்க, கொஞ்சம் மூச்சு வாங்குது." மனைவியின் குரல் சின்னதாக இருந்தது. "படுத்தா முடியல. உக்காந்தா பரவால்ல. எங்க இருக்கீங்க?"

"வரேன்."

"பயப்படாதீங்க. மெதுவா வாங்க." கடைசி இரண்டு சொற்களுக்கு நடுவில் அவள் மூச்சு எடுத்தது கேட்டது.

படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. கார் பக்கத்துச் சந்தில் நின்றது. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். தலை தெளிவாக இருப்பதுபோல்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. கூண்டில் நின்ற ஒவ்வொருவரும் தலை தெளிவாகத்தான் இருந்தது என்று சொன்னார்கள். நண்பன் பின்னாலேயே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான்.

"யோவ், நீ ஓட்டாத. இறங்கு."

"நீ ஓட்டுறியா?"

"நானும் அதத்தானேயா குடிச்சேன்! இறங்கு மொதல்ல. வழியில நீ யாரையாவது இடிச்சா உன் பொண்டாட்டிக்கு யாரு இருக்கா?"

இஞ்சினை நிறுத்தினேன். காரைவிட்டு இறங்கினேன்.

அவசர எண்ணை அழைத்தேன். மறுமுனையில் நிதானமாகக் கேட்டார்கள். பெயர், முகவரி, வயது, என்ன நோய். எல்லாம் சரியான கேள்விகள், சரியான வரிசை. வண்டி வெளியே போயிருக்கிறது, திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். நேரம் சொல்லாத பதில் என்றால் தாமதமாகும் என்பதும் எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் சேகு, அதாவது வாத்தியார். ரம்லான் மாதத்தில் கஞ்சி கொடுத்தனுப்புவார். தீபாவளிக்கு நாங்கள் முறுக்கு கொடுப்போம். பீர் குடித்திருக்கிறேன், அதனால் நீங்கள் என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கார் பழுது என்று சொல்லலாம். வாய்வரை வந்தது. ஆனால் பொய் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவு நேரம் அவளுக்கு இல்லை. மலாயில் சொன்னேன்: குடித்திருக்கிறேன், ஓட்ட முடியாது, அவளுக்கு மூச்சு முட்டுகிறது.

"சாயா பெர்கி செகாராங்" என்றார். இதோ போகிறேன் என்று அர்த்தம். உடனே வைத்துவிட்டார்.

செயலியில் அழைத்த கார் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். பெடரல் நெடுஞ்சாலையில் ஏறியதும் நெரிசல். மனைவியின் எண்ணை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கைப்பேசியை வீட்டிலேயே விட்டுப் போயிருக்கலாம். எடுக்க முடியாமலும் இருக்கலாம். சேகுவும் எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கலாம். பின் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு விளக்கம் வைத்துக்கொண்டிருந்தேன்; இரண்டாவது விளக்கம் ஒவ்வொரு முறையும் முதலில் வந்து நின்றது. ஆள் இல்லாத கூடத்தில் அவள் கைப்பேசி அடிப்பதையும், பக்கத்தில் ஐஸ் கிண்ணம் உருகிக்கொண்டிருப்பதையும் பார்த்தேன்.

கிள்ளானை நெருங்கும்போது சாலைத் தடுப்பு. ஆரஞ்சுக் கூம்புகள், ஒற்றை வரிசையில் கார்கள் ஊர்ந்தன. போலீஸ்காரர் ஓட்டுநரிடம் ஏதோ கேட்டுவிட்டு, குனிந்து பின் இருக்கையில் என்னைப் பார்த்தார். பயணி குடித்திருப்பது குற்றமில்லை. எந்தப் பிரிவிலும் இல்லை. அது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டேன். நெஞ்சு வலிக்கும்வரை அடக்கிக்கொண்டு, அங்கே அவள் இப்படித்தான் இருக்கிறாளா என்று நினைத்தேன். கார் நகர்ந்ததும் வாயைத் திறந்து காற்றை இழுத்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"அங்கிள் ஓகேயா?"

"ஓகே. கொஞ்சம் வேகமாப் போங்க தம்பி."

அவசரப் பிரிவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மண்டலங்கள் உண்டு. சிவப்புக்குள் சொந்தக்காரர்களை விடமாட்டார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் சேகு கைலியும் சொங்கோக் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். மாலைத் தொழுகைக்குப் புறப்பட்டவர் அப்படியே வந்திருக்கிறார். நான் அவருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றேன். எவ்வளவு தூரத்தில் நின்றால் வாசனை வராது என்பதை மட்டும் எந்தச் சாட்சியும் சொன்னதில்லை.

"மேரா" என்றார். சிவப்பு. அப்புறம், "சபார்" என்றார், பொறுமை. அருகில் இருந்த நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். அவர் நகரவில்லை.

கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். யார் யாரோ வந்தார்கள், வேறு வேறு பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஒரு நிலைக்கு மேல் எனக்கு நடைமுறை எதுவும் ஞாபகம் வரவில்லை. அவள் பெயர் மட்டும் இருந்தது.

கடைசியில் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். நுரையீரலில் தண்ணீர் சேர்ந்திருந்தது, ஆக்சிஜன் கொடுத்திருக்கிறோம், இப்போதே டயாலிசிஸ் செய்யப்போகிறோம், சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். நான் கொண்டுவரவில்லை என்று திருத்தவில்லை. ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்றார்.

சாய்ந்து உட்காரவைத்திருந்தார்கள். முகத்தில் முகமூடி, உதட்டில் லேசான நீலம். நான் குனிந்ததும் அவள் கண் என் முகத்தில் நின்றது. முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"கார் எங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்ல."

மூச்சுக்காகக் காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை?"

இத்தனை வருடம் மற்றவர்கள் சொன்னதை மொழிபெயர்த்தவனுக்கு, சொல்வதற்கு வேறு சொல் இல்லை.

"ரெண்டு கிளாஸ்தான்."

அவள் தோள் குலுங்கியது. மறுபடி மூச்சுத் திணறுகிறது என்று நினைத்துத் தாதியைக் கூப்பிடத் திரும்பினேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். முகமூடிக்குள் வெள்ளையாக ஆவி படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது. அது மறையும் ஒவ்வொரு முறையும், மறுபடி படியும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.