போர்வைக்குப் பின்னால் இருந்த ஒன்றாம் நம்பர்

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் எனக்கு நல்ல காது என்றொரு பேச்சு இருந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு அந்தப் பேர் கிடைத்ததற்குக் காரணம், வீட்டில் ஒழுங்கான ஸ்டீரியோ வைத்திருந்தவர்களே எனக்குத் தெரிந்து பத்துப் பேர்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. யாராவது புது ஸ்பீக்கர் வாங்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, "மேல் ஸ்தாயில கொஞ்சம் குத்துதுங்க" என்பேன். அதை நம்பி ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

என் நண்பர் ஒருவர் மோட்டார் பம்பு கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தார். ஞாயிறு காலையில் சர்ச்சில் மைக்செட் பார்ப்பார். மிச்ச நேரமெல்லாம் வீட்டில் சால்டரிங்தான். இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு ப்ரீஆம்ப் செய்தார். சி.டி. பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் இருந்து, பாட்டைக் கெடுக்காமல் வாங்கிக் கொடுக்க வேண்டிய பெட்டி அது. மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் தகட்டிலேயே அதற்கும் கூடு அடித்திருந்தார். பார்த்தால் தோட்டத்து மோட்டார் ரூமில் மாட்ட வேண்டியது போல இருக்கும்.

ரேஸ்கோர்ஸ் பகுதியில் எனக்குப் பழக்கமான மில் முதலாளி ஒருவர் இருந்தார். அவரிடம் வெளிநாட்டு ப்ரீஆம்ப் ஒன்று உண்டு. நண்பரைப் பற்றி நான்தான் அவரிடம் சொன்னேன். "என்ற பெட்டிக்குச் சமமா அது பாடுச்சுன்னா, கணபதிப் பக்கம் சும்மா கெடக்கற குடோனத் தாரேன். அவரு வேலைய உட்டுப்போட்டு இதையே செய்யட்டும்" என்றார். சமமா இல்லையா என்று சொல்ல வேண்டியது நான். இதைக் கேட்ட நாளிலிருந்து நண்பருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளி வீட்டு ஹாலில் கூடினோம். இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்து, முன்னால் போர்வை கட்டி மறைத்தோம். ஒயர் மாற்றத் தெரிந்தவர் நண்பர் ஒருவரே என்பதால் அவர்தான் பின்னால் நின்றார். மீட்டரை வைத்து இரண்டின் சத்தத்தையும் சமம் செய்தார். "சத்தம் ஒரு நூல் கூடுனாலும் அதுதான் நல்லாருக்கறாப்பல காது ஏமாந்துபோயிருமுங்க" என்றார். தன் பெட்டிக்குச் சாதகமாக அந்த ஒரு நூலைக் கூட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

முதல் பெட்டியில் வயலின் வந்தது. வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசல் கேட்டது. மிருதங்கத்தின் இடது பக்கம் தனியாக, ஈரமாக விழுந்தது. இரண்டாவது பெட்டியில் அதே பாட்டு. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாரோ கதவைப் பாதி சாத்தியது போல. மூன்று முறை மாற்றிப் போடச் சொன்னேன். சந்தேகமே இல்லை.

"மொதல்ல பாடுனதுதானுங்க வெளிநாட்டுப் பெட்டி. ரெண்டாவது நம்முளுது. பரவாயில்லீங்க, ஆனா சமம்னு சொல்ல முடியாதுங்க."

என் காதில் கோளாறில்லை. நன்றாக இருப்பது வெளிநாட்டுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த புத்தியில்தான் கோளாறு.

நண்பர் போர்வைக்கு மேலே தலையை நீட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முதலாளி தொடையில் தட்டி, "நானும் அதேதானுங்க நெனச்சேன்" என்றார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரரை அவர் வீட்டிலேயே வைத்து 'இல்லீங்க' என்று சொல்ல நாக்கு வராது. அதுவும் தன் சரக்கை மெச்சிக்கொள்வதற்காக. நண்பர் "சரிங்க" என்றார்.

ஒயர் கழற்ற உதவலாம் என்று நான் பின்னால் போனேன். பெட்டிகளின் மேல் நண்பர், பாடவைத்த வரிசைப்படி, காகிதத் துண்டில் ஒன்று, இரண்டு என்று எழுதி ஒட்டியிருந்தார். ஒன்று என்ற துண்டு தகட்டுப் பெட்டியின் மேல் இருந்தது.

நிமிர்ந்தேன். நண்பர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "மாத்திச் சொல்லிப்போட்டேனுங்க" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் என் காதை வைத்துச் சிரித்திருப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டு ஹாலுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

திரும்பும்போது நண்பரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பெட்டி என் மடியில் இருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. சுங்கம் முக்கைத் தாண்டும்போது, "வெயிலு நெம்பச் சாஸ்திங்க" என்றார். வழியெல்லாம் அவர் பேசியது அவ்வளவுதான்.

அதன்பின் அவர் வேறு பெட்டி எதுவும் செய்யவில்லை. நானும் யார் வீட்டுக்கும் பாட்டுக் கேட்கப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அது பெரிய தியாகம் ஒன்றுமில்லை.

நான்கைந்து வருஷம் கழித்து ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கம்பெனியில் வேலையை விட்டுவிட்டு, கோபியில் மாமனாரின் கடையைப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்தோடு போவதாகச் சொன்னார். பையிலிருந்து தகட்டுப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். பழுப்பேறிய காகிதத்தில் அந்த ஒன்று அப்படியே இருந்தது.

"உங்களுக்கு இதுதானுங்களே புடிச்சுது. உங்ககிட்டயே இருக்கட்டும்."

எனக்கு அப்போதும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. குற்றத்தை அவர் தலையிலேயே போடுவது போல, "அன்னைக்கே ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாமுங்களே?" என்றேன்.

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தனுங்க" என்றார். "வாரனுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.