இழையினிக்குச் சொந்தக்காரி

கேக் கடையில் கேக்குகளின் மேல் பெயர் எழுதுவதுதான் அவள் வேலை. கிரீம் அடைத்த கூம்பைப் பிழிந்தால் அது நூல் போல் இறங்கி எழுத்தாகும். தெருவே அவளைக் ‘கேக்கக்கா’ என்றுதான் கூப்பிடும். ஊரார் பிள்ளைகளின் பெயர்களை எழுதி எழுதி, தனக்குப் பிறக்கப்போகும் மகளுக்கும் ஒரு பெயரைக் கட்டி வைத்திருந்தாள்: இழையினி. கிரீம் அறுந்துபோகாமல் நீண்டு இறங்கிய ஒரு மத்தியானம் வாயில் வந்து விழுந்த பெயர். இழையும் இருக்கிறது, இனிப்பும் இருக்கிறது. பெயர் தயார், பிள்ளைதான் வரவில்லை.

துணி மடிக்கும்போது ஓரகத்தியிடம் அந்தப் பெயரை உளறிவிட்டாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தவள் ஓரகத்தி, முந்திக்கொண்டு பெற்றாள். பெண் குழந்தை.

“என்ன பேரும்மா வெக்கப்போற?” ஆஸ்பத்திரியில் மாமியார் கேட்டார்.

“இழையினி, அத்தை.”

“அடடா, சொல்லும்போதே வாய் இனிக்குதே! எங்க புடிச்ச?”

“தானா தோணுச்சு.”

கேக்கக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். பெயர் மட்டும் வாயில் வரவில்லை. ‘பாப்பா’ என்றே காலத்தை ஓட்டினாள். அக்கம்பக்கத்தார் அந்தப் பெயரைப் புகழ்ந்தபோதெல்லாம் ஓரகத்தி தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். முதல் பிறந்தநாள் கேக்கில் பெயரை எழுதியதும் கேக்கக்காதான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

மூன்று வருஷம் கழித்து அவளுக்கும் பெண் பிறந்தது.

“இழையினி” என்றாள்.

புருஷன் திடுக்கிட்டான். “ஒரே வீட்ல ரெண்டா? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நான் பெத்த பேரை நான் பெத்த பொண்ணுக்கு வெக்கிறேன்.”

ஓரகத்தி பாய்ந்து வந்தாள். “அக்கா, அது எம்பொண்ணு பேரு!”

“அப்படியா? எனக்கும் தானா தோணுச்சும்மா.”

அதன்பின் அந்த வீட்டில் பெரிய இழையினி, சின்ன இழையினி. ஒருத்தியைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால்கூட, ‘என் பேருக்கு வந்த பேரு’ என்று கேக்கக்கா உள்ளுக்குள் குமைந்தாள்.

ஒருநாள் பெரியவள் வந்து நின்றாள். “பெரியம்மா, என் பேருக்கு என்ன அர்த்தம்? டீச்சர் கேட்டாங்க. அம்மாவுக்குத் தெரியலையாம்.”

கேக்கக்கா அவளை மடியில் இருத்தி, கூம்பு, கிரீம், அந்த மத்தியானம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். குழந்தை அடுப்படிக்கு ஓடியது. “அம்மா! என் பேரைப் பெரியம்மாதான் கண்டுபுடிச்சாங்களாம்!”

அடுப்படியில் ஒரு மூடி ‘டங்’கென்று விழுந்தது.

அன்றைக்குக் கேக்கக்கா இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டாள்.