மேசைக்கு மேல் வெளிச்சம்

ஏணியில் நின்றிருந்த கெத்தின், தன் விரல் முட்டியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே வந்தான். வெறும் பலகைச் சத்தம் ஓரிடத்தில் கனத்தது. அங்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்தான்.

“மாடியைத் தாங்கற கட்டை இங்கதான் ஓடுது, நெஸ்டா. உன் சமையல் மேடைக்கு நேர் மேல.”

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நெஸ்டா அண்ணாந்து பார்த்தாள். கோடு தெரியவில்லை. வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறாள். அவர்கள் கூப்பிடுகிறபோதுதான் போக முடியும்.

அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளின் அடுப்பங்கரைக்கு விளக்குப் போட்டவன் அவள் கணவன் எல்வின். அவன் வீட்டு அடுப்பங்கரையில் மட்டும் ஒற்றை பல்பு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று அவன் சொல்லிவந்ததில் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகி கார்டிஃபுக்குப் போய்விட்டார்கள்.

நெஸ்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது வியாழக்கிழமைகளில் தேவாலயக் கூடத்துச் சாப்பாட்டுக்கு, தடித்த வெங்காயத்தாள் போலிருக்கும் லீக்கில் சூப் வைக்கிறாள். காய் முழுவதையும் காலையில் வீட்டிலேயே நறுக்கிக் கொண்டுபோய்விடுவாள். போன வாரம் அங்கே கூட வேலை செய்யும் மென்னாவின் கிண்ணத்தில் விரலில் ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்று மிதந்தது. நெஸ்டாவின் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது அது. நறுக்கும்போது விரல் இருந்த இடமும் தெரியவில்லை, பிளாஸ்திரி கழன்று விழுந்ததும் தெரியவில்லை. “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடேன், நான் பாத்துக்கறேன்” என்றாள் மென்னா. இன்னொரு தடவை நடந்தால் கரண்டி கைமாறிவிடும். அதனால்தான் நெஸ்டா, ஊரில் இருந்த இன்னொரு எலக்ட்ரீஷியனான கெத்தினுக்குப் போன் செய்தாள். ஒரு காலத்தில் எல்வினும் கெத்தினும் ஒரே வேனில் வேலைக்குப் போனவர்கள். கெத்தின் தனியாகப் பிரிந்ததிலிருந்து இருவருக்குமிடையே தலையசைப்பு மட்டும்தான்.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

“அவனா?” என்றான் கெத்தின். “நான் வேணா பின்பக்கமாப் போயிடவா?”

“ஏணி மேல நின்னுக்கிட்டு எங்க போவ? வேலையப் பாரு.”

எல்வின் உள்ளே வந்தான். ஏணியைப் பார்த்தான். சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை.

“என் வீட்டு மெயினை எவன் அணைச்சது?”

“நான்தான். யாரும் தெரியாமப் போட்டுடக் கூடாதுன்னு ஃபியூஸ் என் பாக்கெட்ல இருக்கு.”

“பரவால்லையே. கூட வேலை பாத்ததுல ஒண்ணாவது ஞாபகம் வெச்சிருக்க.”

எல்வின் அடுப்பங்கரை நடுவில் இருந்த தன் மேசையில் போய் உட்கார்ந்தான். சாப்பாட்டு மேசை என்று பெயர். பிரித்துப்போட்ட பழைய ரேடியோக்கள் அதை நிறைத்திருந்தன. ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், திருப்புளியால் நோண்டினான்.

கெத்தின் நெஸ்டாவை மேடையின் முன் நிற்கச் சொல்லி, அவளுக்குப் பின்னால் மேலிருந்து டார்ச் அடித்துக் காட்டினான். அவள் தலையின் நிழல் காய் நறுக்கும் பலகை முழுவதையும் மூடியது.

“கட்டைக்கு இந்தப் பக்கம் வெச்சா இப்படித்தான். உன் நிழல்லயே நீ நறுக்கணும். அந்தப் பக்கம் சுவரை ஒட்டி இடம் ரொம்பக் குறுகல், சீலிங்குக்குள்ள பதிக்கிற விளக்கு மரத்துல இடிக்கும்.”

“இடிச்சா என்ன?”

“சூடாகும். நெருப்பு தாங்கற விளக்குதான், இருந்தாலும் சுத்தி இடைவெளி வேணும்.” கெத்தின் கோட்டின் ஓரத்தைப் பென்சிலால் தட்டினான். “கட்டையோட பக்கத்துல கொஞ்சம் செதுக்கிட்டா உக்காந்துரும். சீலிங் பூச்சுக்கு உள்ள யாருக்குத் தெரியப்போகுது?”

திருப்புளி நின்றது.

“செதுக்கு, செதுக்கு” என்றான் எல்வின். “அதுக்கு மேலதான் குளிக்கிற தொட்டி நிக்குது. ஞாயித்துக்கிழமை அதுல தண்ணி ரொப்பிட்டு நான் படுத்திருப்பேன். நீ கீழ உக்காந்து டீ குடி. நான் நேரா வந்து சேந்துக்கறேன்.”

“அப்ப நீயே வழி சொல்லேன், பெரிய ஆளு.”

“கூப்பிட்டது உன்னைத்தானே?”

“வாயை மூடுங்க ரெண்டு பேரும்” என்றாள் நெஸ்டா. “கெத்தின், இந்தக் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. காலி. ரெண்டு பக்கமும் தாராளமா இடம்.”

“அதுக்குக் கீழ?”

கெத்தின் கீழே பார்த்தான். நேர் கீழே எல்வினின் மேசை. எல்வினும் நிமிர்ந்தான்.

“இல்ல” என்றான். “நெஸ், அது மட்டும் வேணாம்.”

“விளக்கு நகரலைன்னா பலகை நகரட்டும். நான் மேசையில நறுக்கிக்கறேன்.”

“இதெல்லாம் எங்க வெக்கிறது?”

“நாளைக்கு நான் சூப் வெச்சாகணும். நீ எங்க வேணா வெச்சுக்க.”

எல்வின் கெத்தினைப் பார்த்தான். கெத்தின் சீலிங்கில் எதையோ தேடுகிறவனைப்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரேடியோக்கள் ஒவ்வொன்றாக மாடிக்குப் போயின. எல்வின் திருகாணிகளை ஜாம் பாட்டில்களில் போட்டு அவற்றையும் எடுத்துப் போனான். கடைசி நடையில் இறங்கி வந்தபோது கெத்தின் துளை போடும் வட்ட ரம்பத்தை எடுத்து முடுக்கிக்கொண்டிருந்தான்.

“அங்க வெட்டாத” என்றான் எல்வின். “தொட்டிக்குப் போற தண்ணிக் குழாய் அங்கதான் போகுது. ஒரு சாண் இந்தப் பக்கம் வா.”

கெத்தின் முதலில் சின்னத் துளை போட்டு, வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுற்றித் துழாவினான். கம்பியில் எதுவும் தட்டுப்படவில்லை. அப்புறம்தான் வட்டமாக வெட்டினான். மாடிச் சத்தம் கேட்காமலிருக்க எல்வின் முன்பு திணித்திருந்த பஞ்சு கெத்தினின் முகத்தில் கொட்டியது. “உன் வேலைதானா இது?” என்று துப்பினான். விளக்கு இருக்கும் இடத்திலிருந்து பஞ்சை ஒதுக்கினான். எல்வின் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற இரண்டு துளைகளுக்கும் பிடித்தான். கெத்தின் ஒயர்களை இணைத்து முடித்ததும் ஃபியூஸை வாங்கி மாட்டியது எல்வின்தான்.

மூன்று விளக்குகளும் மேசைமேல் எரிந்தன. நெஸ்டா ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். தோலின் கோடுகள் தெரிந்தன.

“டீ போடவா, கெத்தின்?”

“வேணாம், நேரமாச்சு” என்றான். எல்வின் அவன் ஏணியை வேன்வரை தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் மழை. மேசை முழுக்க லீக் கிடந்ததால் எல்வின் நின்றுகொண்டே ரொட்டி தின்றுவிட்டு வேலைக்குப் போனான். நெஸ்டா மதியத்துக்குள் சூப்பை முடித்தாள். கூடத்தில் மென்னா தன் கிண்ணத்தைக் கிளறிப் பார்த்துவிட்டுக் குடித்தாள். கரண்டி நெஸ்டாவின் கையிலேயே இருந்தது. சாயங்காலம் எல்வின் ஒரு ரேடியோவை மாடியிலிருந்து கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தான். அவன் கை கழுவப் போனதும் நெஸ்டா அதைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள்.