பதினோராவது கல்

செங்கம் ரோட்டை விட்டுக் கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. பக்கத்து டீக்கடைக்கு வருகிறவர்கள் அதன்மேல் டம்ளரை வைப்பார்கள். வெள்ளைக்காரர்கள் சில சமயம் உட்காருவார்கள். மஞ்சள் பெயிண்ட் பாதி உதிர்ந்துவிட்டது. அதை நட்டவன் நான். நட வேண்டிய நாளில் நடாமல், காலம் தாழ்த்தி நட்டவன்.

அப்போது மாவட்டம் பிரிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. கார்த்திகை தீபத்துக்கு வரும் ஜனங்களுக்காகப் பாதை ஓரமாகத் தண்ணீர்த் தொட்டிகள் வைத்திருந்தார்கள். காண்ட்ராக்டரிடம் நான் பைப்லைன் கூலி. படிப்பு அஞ்சாவது. மண்ணுக்கு அடியில் பதினோரு வால்வு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகைக்கல், அதன்மேல் மண். எல்லாத் தொட்டிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏறாது. இதைத் திறந்து, அதை மூடி, வரிசையாக விட வேண்டும். திறப்பதற்கு நெஞ்சு உயர இரும்புச் சாவி ஒன்று உண்டு. சாவியை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். மொத்தம் எத்தனை வால்வு, எது எங்கே இருக்கிறது என்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும். வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுவது அதற்காகத்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் காண்ட்ராக்டர் புதிதாக ஒரு இன்ஜினியரம்மாவை வேலைக்கு வைத்தார். போளூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். மொபெட்டில் வருவார். நிறையப் பேசுவார். நான் பேசமாட்டேன்.

தீபத்துக்குப் பத்து நாள் முன்னால் காண்ட்ராக்டரின் வேங்கிக்கால் ஷெட்டில் எல்லோரையும் உட்கார வைத்தார். "அண்ணே, தீபம் முடிஞ்சிபோச்சுன்னு வெச்சிக்குங்க. மறுநாள் காலைல உக்காந்துனு இருக்கோம். பாதித் தொட்டில தண்ணியே இல்ல. ஜனங்க நம்மளக் கழுவி ஊத்திட்டுப் போயிட்டாங்க. ஏன் இப்படி ஆச்சு? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

மோட்டாருக்கு எலுமிச்சம்பழம் கட்டாமல் சுவிட்ச் போடாத ஆட்கள் நாங்கள். நல்ல காரியத்துக்கு முன்னால் கெட்டதை வாயால் சொல்லமாட்டோம். தண்ணீர் டிராக்டர் டிரைவர்தான் முனகினார். "என்னா மேடம், சாமி காரியம். இப்பவே வாய வெக்கிறீங்க."

"போன வருஷம் தண்ணி நின்னப்ப என்ன பண்ணீங்க?"

"ஆளாளுக்குக் கத்துனோம்."

"அதையே பத்து நாள் முன்னாடி கத்துங்கன்றேன்."

சிரிப்பு வந்தது. சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்து ஒவ்வொருத்தராக ஆரம்பித்தார்கள். கரண்ட் போய்விட்டது. கூட்டத்தில் டிராக்டர் நுழையவில்லை. வளையல்காரன் குழாய்க்கு முன்னால் கடை போட்டுவிட்டான். இன்ஜினியரம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. பக்கத்தில் இருந்த பிட்டர் சொன்னான்: "இவரு வரல மேடம். அவ்ளோதான், எல்லாம் குளோஸ்."

"ஏன் வரல?"

"வூட்ல மாசமா இருக்காங்க இல்ல? வலி எடுத்துனு இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து வெளியே போய்விட்டேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"கோச்சிக்காதீங்கண்ணே. அவரு விளையாட்டாதான் சொன்னாரு. ஆனா அதான் பெரிய ஓட்டை. ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் ஒரு கல்லு நட்டு, மஞ்ச அடிச்சி, நம்பர் போட்டுடுங்க."

"நான் வருவேன்."

"வருவீங்க. வராத ஒரு நாளைக்குத்தான் கல்லு."

இரண்டு நாளில் நட்டேன். பத்துக் கல். "எல்லாம் ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். பதினோராவதை, செங்கம் ரோட்டு முனை வால்வை, விட்டுவிட்டேன். அதைத் திறந்தால்தான் அதற்கு அப்பால் இருக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர் போகும். எல்லாவற்றையும் கல்லில் எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் என்னை யார் கூப்பிடுவார்கள்? அதுதான் என் கணக்கு. பெயிண்ட் காய்வதற்குள் நாலு கல்லில் யாரோ குங்குமம் வைத்துவிட்டார்கள்.

தீபத்தன்று காலை பத்து மணிக்கு மச்சான் ஓடி வந்தான். "மாமா, அக்காவுக்கு வலி எடுத்துடுச்சி. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிட்டாங்க." இன்னும் ஒரு மாசம் இருந்தது. சாவியைப் பிட்டர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போதே பதினொன்று ஞாபகம் இருந்தது. மத்தியானத்துக்குள் திரும்பி வந்து நானே திறந்துவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

திரும்பி வர முடியவில்லை. ஆபரேஷன் என்றார்கள். கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே கொண்டுபோகும்போது அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போவாத" என்றாள். வராந்தாவில் நின்றேன். வெளியே ரோடு முழுக்க ஜனம், குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மணி ஒன்று. பிட்டர் பத்தாம் கல்லோடு நின்றிருப்பான். அதற்கு மேல் எல்லாத் தொட்டியும் காலி. போனால் இவளை விட வேண்டும். சொன்னால் என் பிழைப்பு போகும். எதிரே போன் பூத் இருந்தது. ஷெட்டுக்குப் போட்டேன். இன்ஜினியரம்மாதான் எடுத்தார்.

"மேடம், இன்னும் ஒரு வால்வு இருக்குது. நான் கல்லு நடல."

காலண்டர் தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"எங்கண்ணே?"

"செங்கம் ரோட்டு முனை. சோடாக் கடைக்கு இந்தப் பக்கம், மைல்கல்லுல இருந்து மூணு அடி. ஒரு சாண் தோண்டணும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். "உள்ள ஆபரேஷன் நடக்குது" என்றேன். "அங்கயே இருங்க. நாங்க பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். வால்வின் மேல் ஒரு பொரிக்கடை உட்கார்ந்திருந்ததாம். அதை நகர்த்தித் தோண்டித் திறப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரம் அந்தப் பக்கம் நடந்தவர்கள் வெறும் தொட்டியில் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று பிட்டர் சொன்னான். வயசான ஒருத்தர் தொட்டி நிழலிலேயே உட்கார்ந்து காத்திருந்தாராம். அவரை நான் பார்க்கவில்லை. இன்றுவரை என் கண்ணில் நிற்பவர் அவர்தான். மூன்றாம் நாள் போய்ப் பதினோராவது கல்லை நட்டேன்.

இன்ஜினியரம்மா காண்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அதே ஷெட், அதே காலண்டர் தாள். "தீபம் முடிஞ்சிபோச்சு. கெட்டுப்போச்சு. ஏன்?" என்றார். முதலில் வாயைத் திறந்தவன் நான்.

"நம்மள்ல ஒருத்தன் ஒண்ண மறைச்சிட்டான் மேடம். அவன் இல்லாம வேல நடக்கக் கூடாதுன்னு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். அப்புறம், "இந்த வருஷம் மறைக்காம இருக்கறதுக்கு என்ன பண்ணலாம்?" என்று பொதுவாகக் கேட்டார். ஆளுக்கு ஒரு உதவி ஆள், வேலை தெரிந்தவனாக, என்று முடிவானது. பிட்டருக்கு நானே வழி காட்டினேன். என் வேலை போகவில்லை. அதற்கு அடுத்த வருஷம் இன்ஜினியரம்மா வேறு ஊருக்குப் போனார். பிறகு பார்க்கவில்லை.

இப்போது அந்த லைனே இல்லை. பழைய குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். சிமெண்ட் நடைபாதை போட்டபோது பத்துக் கல் போய்விட்டன. இது ஒன்றுதான் ஓரமாகத் தப்பியது. வருஷம் ஒரு தடவை, தீபத்துக்கு முன்னால், ஒரு சின்ன டப்பாவோடு வருவேன்.

இந்தத் தடவை கல்லுக்கு முன்னால் ஒரு அம்மா சூடம் ஏற்றிக்கொண்டிருந்தார். "இது என்னா சாமிங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சாமி இல்லம்மா. அடியில தண்ணி வால்வு இருந்துச்சி."

"தண்ணி குடுத்த கல்லுன்னா அதுவும் சாமிதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மற்ற பத்துக்கு அதைச் சொல்லலாம். சூடம் அணையும் வரை நின்றேன். கரியைத் துடைத்தேன். டப்பாவைத் திறந்து மஞ்சள் அடித்தேன்.