பெருநாள் நிறம் கேட்கப் போன சுபைறா

எங்களுக்கெல்லாம் மூத்தவரான சுபைறா ராத்தாவை அவருடைய சீ.ஆர். கொப்பி, அந்தத் தடித்த மட்டைக் குறிப்பேடு, இல்லாமல் நான் கண்டதில்லை. கல்முனையில் எங்கள் குறிச்சிப் பெண்பிள்ளைகளின் தோள், இடுப்பு, உயரம் எல்லாம் அதற்குள் இருந்தன.

சுனாமிக்குப் பிறகு முகாமில் நிவாரண உடுப்புப் பிரிக்கிற வேலை அவருக்கு. ஒரு மூட்டையை அவிழ்த்தால் கம்பளிக் கோட்டு, அடுத்ததை அவிழ்த்தாலும் கம்பளிக் கோட்டு. வேர்த்து வடிகிற எங்களுக்கு! கடைசியில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். "ஆருக்கு என்ன வேணுமெண்டு கேக்காம அனுப்பினா இப்பிடித்தான்" என்று அன்று வந்த கோபம் ராத்தாவுக்கு ஆறவே இல்லை. கொப்பி வாங்கியது அந்தக் கோபத்தில்தான்.

பிறகு ஒரு தொண்டு நிறுவனம் ஆறு தையல் மெஷின் தந்தது. ராத்தாவோடு சேர்த்து ஆறு பெண்கள், ஒரு அறை, ஒரு அலுமாரி. நானும் அதில் ஒருத்தி. அளவு தெரியும் என்ற துணிச்சலில் நிறத்தை நாங்களே முடிவுசெய்து தைத்துத் தள்ளினோம். 2008 நோன்புப் பெருநாள் முடிந்தபோது அலுமாரி நிறைய ஊதாச் சல்வார். எலிகள்தான் அனுபவித்தன. நிறுவனத்து மிஸ் வந்து பார்த்தார். அடுத்த பெருநாளுக்கும் துணி இப்படி வீணானால் மெஷின்களை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் யுத்தம் முடிந்தது. பாதை திறந்து, கடைத்தெருவில் கொழும்புத் துணி குவிந்தது. ராத்தா மயங்கவில்லை. நோன்புக்கு முந்திய மாதமே கொப்பியோடு வீடு வீடாக ஏறி, "பெருநாளைக்கு என்ன நிறம் புள்ள விருப்பம்?" என்று எழுபத்து நாலு பேரைக் கேட்டார். அறுபத்தொரு பேர் மண்ணிறம் என்றார்கள்.

மண்ணிறம்! எழுதியதை எழுதியபடியே நம்பிவிட்டார் அந்த மனுஷி. மண்ணிறத் துணி எட்டுக் கட்டு என்று துண்டெழுதி, முனாப் காக்காவின் துணிக்கடைக்குப் போகச் செருப்பையும் மாட்டிவிட்டார். நான் எழுந்து வாசலை மறித்தேன்.

"ராத்தா, நில்லுங்க. நான் பொய் சொன்னன்."

"என்ன பொய்?"

"எனக்குக் கிளிப்பச்சதான் விருப்பம். பெருநாள் உடுப்புட நிறத்த முந்தியே ஆராவது சொல்லுவாங்களா? பக்கத்து வீட்டாளும் அதையே எடுத்துப் போட்டுருவாளே!"

மெஷின்கள் நின்றன. மூலையில் இருந்த றுகையா மெல்லக் கையைத் தூக்கி, "நானும்தான் ராத்தா" என்றாள். மற்ற மூன்று கைகளும் எழுந்தன.

ராத்தா செருப்போடு தரையில் குந்திவிட்டார். ஏச்சு விழப்போகிறது என்று பயந்தேன். "அறுபத்தொரு கள்ளிகள்!" என்று சொல்லி அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் ஒரு பிஸ்கட் டின்னின் மூடியில் ஓட்டை வெட்டினார். கழிவுத் துணியில் பத்து நிறத் துண்டுகளை ஒரு பையில் நிறைத்தார். மறுபடி வீடு வீடாக ஏறினார். அந்தந்த வீட்டுப் பிள்ளை டின்னோடும் பையோடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். விரும்பிய நிறத்தில் ஒரு துண்டை எடுத்து, சின்ன அளவென்றால் ஒரு முடிச்சு, நடு அளவென்றால் இரண்டு, பெரிதென்றால் மூன்று போட்டு டின்னுக்குள் இட வேண்டும். பேர் கிடையாது.

எழுபத்து நாலு துண்டுகளையும் பாயில் கொட்டி எண்ணினோம். மண்ணிறம் ஒன்றுகூட இல்லை. கிளிப்பச்சை பத்தொன்பது! என் ரகசிய நிறத்தில் இன்னும் பதினெட்டுப் பேர். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

எண்ணியபடியே துணி எடுத்து, எண்ணியபடியே தைத்தோம். பெருநாளுக்கு முதல் நாள் மத்தியானம் கடைசிச் சல்வாரும் போனது. ஒவ்வொருத்தியும் பொட்டலத்தை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓடினாள்.

பெருநாள் கழிந்து மிஸ் வந்தார். அலுமாரியைத் திறந்தார்.

"மிச்சமெல்லாம் எங்க?"

"இல்ல மிஸ்."

"வெட்டிக் கழிச்ச துணி?"

ராத்தா ஒரு தலையணையை நீட்டினார். அவ்வளவு வெட்டுத்துணியும் அதற்குள் இருந்தது. மிஸ் அதை அமுக்கிப் பார்த்தார். "மெஷின் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அவருடைய வாகனம் திரும்பியதும் ராத்தா வெறும் அலுமாரிக்குள் தலையை விட்டு "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார். அது முழங்கியது. உடனே எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கத்தினோம். என் முறை வந்தபோது முக்காடு உள்ளே ஓர் ஆணியில் சிக்கிக்கொண்டது. சிரித்த சிரிப்பில் ஐந்து பேரில் ஒருத்தராலும் அதைக் கழற்ற முடியவில்லை.