காலி என்றால் காற்று

திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜில் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். எரிதல் கணக்கு வந்தால் வகுப்பில் ஒரே பாட்டுத்தான். எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வேண்டும் என்று கேட்டால் வந்த விடையை அப்படியே எழுதுங்கள். காலி எவ்வளவு என்று கேட்டால் ஐந்தால் பெருக்குங்கள். தெலுங்கில் காலி என்றால் காற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். தொண்டை கிழியக் கத்தினாலும் பாதிப் பேர் பெருக்குவதில்லை.

வீடு நகரியில். வீட்டுக்குள் தமிழ், வெளியில் தெலுங்கு. நைனா பவர்லூமில் பஞ்சுத் தூசியைத் தின்றே காலம் தள்ளியவர். இப்போது மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். நுரையீரல் இனித் தேறாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதை நைனாவிடம் சொல்லும் தைரியம் அம்மாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சிலிண்டர் தீர்ந்து கிடந்தது. நைனா தலையணைமேல் குனிந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

"காலையிலயே சிலிண்டர்காரனுக்கு போன் பண்ணிட்டேம்மா. இன்னாவோ சொல்லி சிரிச்சிக்கினே வெச்சிட்டான்" என்றாள் அம்மா.

தமிழ் வார்த்தையை அழுத்திச் சொன்னால் தெலுங்காகிவிடும் என்று அம்மாவுக்கு ஒரு நினைப்பு. சிலிண்டர் காலி என்பதை முதல் எழுத்தை அழுத்திச் சொல்லியிருக்கிறாள். அழுத்தினால் அது காற்று. நம் வழக்கப்படி அழுத்தாமல் சொல்லியிருந்தால், தெலுங்கிலும் அது தீர்ந்துபோனதுதான், அவனுக்குப் புரிந்திருக்கும். "காலி காதம்மா, ஆக்சிஜன்" என்று, காற்று இல்லையம்மா ஆக்சிஜன் என்று சொல் என்பதுபோல் திருத்திவிட்டு வைத்துவிட்டான். அவன்மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் வகுப்பில் நானும் அதைத்தானே திருத்துகிறேன்.

நான் போன் செய்தபின் சாயங்காலம் புது சிலிண்டர் வந்தது. மாட்டியும் இழுப்பு அடங்கவில்லை.

"சிலிண்டரு நெறைய கீதே, அப்பறம் இன்னாத்துக்குப் பத்தல?" என்றார் நைனா. "பசங்களுக்குக் கணக்கு போடறியே, எனக்கும் ஒண்ணு போடு."

பேச்சை மாற்றினால் போதும் என்றிருந்தது. உடம்பும் ஓர் அடுப்புதான், சோற்றை எரிக்கிறது என்று ஆரம்பித்தேன். நூற்றெண்பது கிராம் குளுக்கோஸ் எரிய நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிராம் ஆக்சிஜன்.

"நீ குடிக்கிற கஞ்சிக்கு இதுல கீறது தாராளம் நைனா. மிச்சமே ஆவும்."

கணக்கு சரி. சோற்றையும் காற்றையும் சேர்த்துவைக்க வேண்டிய, கெட்டுப்போன நெஞ்சுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

நைனா சற்று யோசித்தார். "அப்ப காத்து கம்மியில்ல. சோறுதான் கம்மி."

பல நாளாகச் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பியவர், அம்மாவைத் தட்டு கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு வாய்க்கும் மூச்சு முட்டியது. நிறுத்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி வாயைத் திறந்தார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நைனா துன்றாரு பாரு" என்றாள் என்னிடம்.

"இன்னும் ரெண்டு வாய் போடு" என்றார் நைனா. "கணக்கு நேராவட்டும்."

தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் போட்ட கணக்கு தப்பு என்று தெரிந்தும், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு கொடுத்தேன்.